விதைக்கும் முன்பே பேசிவிடுவோம்

திருவள்ளூர் முதல் கும்மிடிப்பூண்டி வரை ஓட்டல், மெஸ், கேன்டீன், காய்கறிக் கடை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டல் முதலாளிகளே, மாஸ்டர்களே, மெஸ் நடத்தும் அக்காமாரே, கேன்டீன் கான்ட்ராக்டர்களே, கடை வைத்திருக்கும் அண்ணாச்சிமாரே,

திருப்பாச்சூர் பக்கம் கத்தரியும் வெண்டையும் கீரையும் போடுகிற விவசாயிகளில் ஒருவன் இதை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். உங்கள் கடையில் டீ குடித்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் நான் விளைவித்த காய் உங்கள் அடுப்புக்கு வந்ததா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் கழனியில் சாயங்காலம் பறிக்கிற கத்தரிக்காய் ராத்திரி லோடு வண்டியில் ஏறிக் கோயம்பேடு போகிறது. விடிவதற்குள் கமிஷன் மண்டியில் விலை போகிறது. அதே காய் வேறொரு வண்டியில் ஏறித் திருவள்ளூர் பஜாருக்கே திரும்பினாலும் திரும்பும். போக நாற்பது கிலோமீட்டருக்கு மேல், வரவும் அதே தூரம். கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வண்டி வாடகை எல்லாம் அந்தக் காயின் தலையில் ஏறுகின்றன. இதில் கொஞ்சத்தை நான் கொடுக்கிறேன், மீதியை நீங்கள் கொடுக்கிறீர்கள். காய்க்கு வாட்டம்தான் மிச்சம்.

கோயம்பேட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கொத்தவால் சாவடியிலிருந்து 1996-இல் இடம் மாறி வந்த அந்தச் சந்தை இல்லாவிட்டால் சென்னை ஒரு நாள்கூடச் சாப்பிட முடியாது. உங்களுக்கு அங்கே எல்லாக் காயும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. பழகிய வியாபாரி கடன் தருகிறார். எவ்வளவு கேட்டாலும் இல்லை என்று சொல்வதில்லை. நாசிக் வெங்காயமும் மதனப்பள்ளித் தக்காளியும் ஊட்டிக் கேரட்டும் எங்கள் மண்ணில் விளையாது, அவற்றை நீங்கள் அங்கேதான் வாங்கியாக வேண்டும். நான் பேசுவது இங்கேயே விளைகிறதைப் பற்றி. கத்தரி, வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை, கொத்தவரை, அவரை, பச்சை மிளகாய், கீரை வகைகள், கோடையில் தர்பூசணி, மாங்காய், இவற்றோடு நிலக்கடலை, நெல். இவ்வளவும் உங்கள் வாசலிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன.

ஒரே இடத்தை நம்பி எல்லோரும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020 மே மாதம் காட்டியது. கொரோனா பரவியதால் கோயம்பேடு மூடப்பட்டது. சில நாள் கழித்து நம் மாவட்டத்துத் திருமழிசையில் தற்காலிகச் சந்தை திறந்தார்கள். மழை பெய்தால் சேறு, வண்டி புதையும், மூட்டை நனையும். காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குத் திரும்பச் செப்டம்பர் கடைசி ஆயிற்று. அந்த மாதங்களில் பக்கத்து விவசாயியின் போன் நம்பர் வைத்திருந்த கடைக்காரருக்குத் தட்டுப்பாடு அவ்வளவாகத் தெரியவில்லை. பிறகு சந்தை பழையபடி ஆனது, பழக்கமும் பழையபடி ஆனது.

“அதற்குத்தானே உழவர் சந்தை இருக்கிறது” என்பீர்கள். 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் முதல் உழவர் சந்தையைக் கலைஞர் திறந்து வைத்தார். திருவள்ளூரிலும் திருத்தணியிலும் சந்தை உண்டு. அடையாள அட்டை இருந்தால் போதும், கமிஷன் கிடையாது, வாடகை கிடையாது, தராசும் அங்கேயே தருவார்கள். மொத்த விலைக்கு மேலாகவும் வெளிக்கடைச் சில்லறை விலைக்குக் கீழாகவும் தினமும் ஒரு விலையைப் பலகையில் எழுதுவார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அது வீட்டுக்கு அரைக்கிலோ, ஒரு கிலோ வாங்குகிறவர்களுக்கானது. ஓட்டலுக்கு வேண்டிய முப்பது கிலோவை அங்கே வாங்க நான்கு பேரிடம் போய் நிற்க வேண்டும். சந்தை கூடும் நேரத்தில் உங்கள் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கும். கேன்டீனுக்கோ பில் வேண்டும். ஆகவே உழவர் சந்தையை ஒட்டி இன்னொரு வழி நமக்குத் தேவை. நான் கேட்பது கடையோ கட்டடமோ அல்ல. விதைக்கிறதற்கு முன் ஒரு பேச்சு.

ஏன் விதைக்கிறதற்கு முன்? நாம் சந்திக்கிற நேரம் எப்போதும் தப்பாக இருக்கிறது. காய் மிகுந்து விலை விழுந்த அன்று நான் உங்கள் கடைக்கு வந்து நிற்கிறேன். காய் கிடைக்காமல் விலை ஏறிய அன்று நீங்கள் எனக்குப் போன் செய்கிறீர்கள். இரண்டு நாளும் ஒருவர் கை மேலே, ஒருவர் கை கீழே. அப்படிப் பேசுகிற பேச்சில் உறவு வராது.

நம் ஊர்ப்பக்கம் ஒரு வசதி இருக்கிறது. இங்கே எப்போது எவ்வளவு பேர் சாப்பிட வருவார்கள் என்பதைப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே ஒரு வருஷத்துக்கு முன்னால் சொல்லிவிடலாம். அமாவாசை தோறும் திருவள்ளூர் வீரராகவப் பெருமாளைச் சேவித்துக் குளத்தில் வெல்லம் கரைக்க வருகிற கூட்டம், தை அமாவாசைக்குப் பல மடங்காகும். ஆடி பிறந்தால் பெரியபாளையம். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி. செவ்வாய்க்கிழமை என்றால் சிறுவாபுரி. புரட்டாசியில் சென்னையிலிருந்து கிளம்புகிற திருப்பதிக் குடை திருவள்ளூர் வழியாகத்தான் போகிறது. அந்த மாதம் பிரியாணிக் கடையில் கத்தரிக்காய் தேவை குறையும், சாப்பாட்டு ஓட்டலில் எல்லாக் காயும் கூடும். இந்தக் கணக்கு உங்களுக்கு மனப்பாடம்.

எங்களுக்கு வேறொரு கணக்கு மனப்பாடம். சிறுகீரை, முளைக்கீரை இருபது, இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கும். கத்தரிக்கு நாற்றங்காலில் ஒரு மாதம், நட்ட பிறகு இரண்டு மாதம். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு அன்று வெண்டை விதை ஊன்றினால் புரட்டாசி பிறக்கும்போது முதல் பறிப்பு. அதே புரட்டாசிக்குக் கத்தரி வேண்டும் என்றால் ஆனி பிறந்ததும் நாற்று விட வேண்டும். கீரைக்கு ஆவணிக் கடைசி போதும். நீங்கள் ஆனியில் ஒரு வார்த்தை சொன்னால் புரட்டாசியில் காய் வரும். புரட்டாசியில் சொன்னால் கோயம்பேடுதான் வரும்.

ஆலை கேன்டீன்களின் கணக்கு இன்னும் சுலபம். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலையில் கேன்டீன் இருக்க வேண்டும் என்பதை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே கொண்டுவந்தது. காக்களூர், கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை என்று ஷிப்டுக்கு ஷிப்டு எத்தனை தட்டு என்று எண்ணிச் சமைக்கிறீர்கள். மழையோ வெயிலோ, எண்ணிக்கை பெரிதாக மாறாது. விவசாயிக்கு இதைவிட நம்பகமான கிராக்கி எங்கே கிடைக்கும்? இந்த ஆலைகள் நிற்கிற மண்ணில் ஒரு பகுதி நேற்றுவரை கழனியும் மேய்ச்சலுமாக இருந்தது என்பதை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மிச்சமிருக்கிற கழனிக்கு அந்த ஆலைகளின் சாப்பாட்டுத் தட்டிலாவது ஓர் இடம் வேண்டும்.

இனி, மாஸ்டர்களிடம் ஒரு வார்த்தை. இந்தப் பேச்சில் முதலாளியைவிட நீங்கள் முக்கியம். ஒரு சாப்பாட்டு ஓட்டல் மாஸ்டர் எங்கள் கூடையிலிருந்து காய் பொறுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தரிக்காயின் பளபளப்பை அவர் பார்க்கவே இல்லை. காம்பைக் கிள்ளினார், பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றை நறுக்கி விதை பழுத்திருக்கிறதா என்று பார்த்தார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தார். சட்டென்று ஒடிந்ததை ஒரு பக்கம் போட்டார், வளைந்ததை இன்னொரு பக்கம். அரைக்கீரைக் கட்டைத் தட்டியதும் வேரிலிருந்து மண் கொட்டியது. “இதை அலசவே எனக்கு ஒரு ஆள் வேணும், தெரியுமா?” என்றார். மண்டியில் இதை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. அங்கே மூட்டைக்குத்தான் விலை. வேரை அறுத்துவிட்டுக் கட்டு போடுவது எங்களுக்குப் பெரிய வேலையே இல்லை. சொல்ல ஆள் இல்லாததால் செய்யவில்லை.

காயின் பளபளப்புக்கு ஒரு விலை இருக்கிறது. கத்தரியைக் கெடுப்பது காய்த்துளைப்பான் புழு. சொத்தை ஒன்று கண்ணில் பட்டாலும் மொத்தக் கூடையையும் திருப்பி அனுப்பினால், விவசாயி பயந்துகொண்டு மருந்தை அதிகமாகத்தான் அடிப்பான். சொத்தைக் காயைக் கழனியிலேயே பொறுக்கிப் போட்டுவிட்டு, குருத்தைக் கிள்ளி அழித்து, இனக்கவர்ச்சிப் பொறி வைத்துப் பார்க்கலாம். அதற்கு வழி சொல்லத் திரூரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆனால் பொறுக்கிப் போடுகிற கூலியைத் தாங்குகிற விலை வேண்டும், லேசாகத் தழும்பு இருக்கிற காயை ஏற்றுக்கொள்கிற மாஸ்டர் வேண்டும். இது இரண்டு பேரும் நேரில் பேசினால்தான் நடக்கும்.

ஒரே செடியில் காய்ப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்காது. பிஞ்சாக இருப்பதைப் பிரியாணிக் கடைக்காரர் எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு முழுசாகக் கேட்பார். நடுத்தரக் காய் கடைக்காரர் அடுக்கி வைக்க ஏற்றது. பெருத்தது, கோணலானது சாம்பாரில் போனால் யாருக்கும் தெரியாது; அது கேன்டீனுக்கு. ஒருவரோடு மட்டும் ஒப்பந்தம் போட்டால் மீதி இரண்டு தரமும் என் தலையில் விழும், கடைசியில் மண்டிக்குத்தான் வண்டி ஏறும். பறிக்கிற நாளும் அப்படித்தான். வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் நார் பாய்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் அடுப்பு பல இடங்களில் எரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதான் வீடுகளில் சமையல் அதிகம், அண்ணாச்சி கடையில் கூட்டமும் அதிகம். கேன்டீன் விடுகிற நாளைக் கடை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்த மடலை உங்களில் ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கழனியின் விளைச்சல் முழுவதற்கும் வழி பிறக்கும். தனித்தனியாக வந்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

நெல்லுக்கும் இதுதான். இட்லிக்கு ஏற்ற குண்டு அரிசி ரகங்கள், ஏ.டி.டி. 37, ஏ.எஸ்.டி. 16 இரண்டும் நமக்குப் புதிதல்ல. நெல் ஆராய்ச்சிக்கென்றே திரூரில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே பிறந்த டி.கே.எம். 6, ஐ.ஆர். 20-க்குத் தாய் தகப்பனில் ஒன்று. இத்தனையும் பக்கத்தில் இருக்க, இட்லி அரிசி மூட்டை எந்த ஊரில் விளைந்தது என்று கேட்டால் நம் ஓட்டல்களில் பதில் கிடைக்காது. புது அரிசி குழைகிறது, பழசு வேண்டும் என்கிறீர்கள். நியாயம். ஆனால் அறுத்த நெல்லை ஆறு மாதம் போட்டு வைக்க விவசாயிக்குக் கையில் காசு இருக்காது, ஈரம் காய்வதற்குள் விற்றுவிடுகிறான். நாலு ஓட்டல்காரர்கள் சேர்ந்து அறுப்பு நேரத்தில் பாதிப் பணம் கொடுத்து நெல்லை வைக்கச் சொன்னால், மாதாமாதம் அரைத்து வாங்கிக்கொள்ளலாம். மாவு எப்படிப் பொங்குகிறது என்று மாஸ்டர் சொன்னால் அடுத்த பட்டத்துக்கு எந்த ரகம் என்று முடிவு செய்யலாம்.

விலைக்கு வருவோம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அதே தக்காளியை வேறொரு மாதம் ரோட்டில் கொட்டுவதையும் பார்த்திருக்கிறோம். விலை இப்படி ஆடும்போது ஒரே விலைக்கு யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. ஒரு தரை விலை, ஓர் உச்ச விலை என்று இரண்டு கோடு போட்டுக்கொள்ளலாம். உதாரணத்துக்குக் கத்தரிக்குத் தரை 20 ரூபாய், உச்சம் 45 ரூபாய் என்று வையுங்கள். உழவர் சந்தைப் பலகையில் 12 எழுதினாலும் நீங்கள் 20 கொடுக்க வேண்டும். பலகையில் 70 ஏறினாலும் நான் 45-க்கே தர வேண்டும். நடுவில் இருந்தால் பலகை விலை. பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. தரை விலை என் பறிப்புக் கூலியையும் உரத்தையும் காப்பாற்றும், உச்ச விலை உங்கள் மெனு கார்டைக் காப்பாற்றும்.

பணம் தருவதில் தாமதம் கூடாது. பறிக்கிறவர்களுக்கு நான் அன்றன்றைக்குக் கூலி கொடுக்கிறேன். ஆலை உங்களுக்குப் பணம் தர மாதம் ஆகிறது என்பது புரிகிறது, ஆனால் அந்தக் காத்திருப்பைக் கீரைக்காரர் மேல் இறக்க முடியாது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கணக்கு முடிப்பது என்று வைப்போம். ஊர்ப் பால் சங்கத்தில் இது நடக்கத்தானே செய்கிறது. தினம் இரண்டு வேளை பாலை அளந்து, தரம் பார்த்து, புத்தகத்தில் எழுதி, சொன்ன நாளில் பட்டுவாடா. படிக்காத அம்மாவும் தன் கணக்கைச் சரியாகச் சொல்லுவார். பாலுக்கு முடிந்தது கத்தரிக்காய்க்கு முடியாதா? பில்லுக்கு உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் போகலாம். புதுக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆகவே கணக்கரும் முகம் சுளிக்க மாட்டார்.

உங்கள் பக்கத்துக் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. “விவசாயியை நம்பி மெனு போட முடியாது, விலை ஏறினால் சொல்லாமல் கொள்ளாமல் மண்டிக்கு அனுப்பிவிடுவான்” என்பீர்கள். நடக்கிறதுதான். அதனால் எங்கள் பக்கத்து வாக்குகளையும் எழுதி வைக்கிறேன். பேசிய அளவை முதலில் உங்களுக்குக் கொடுத்த பிறகுதான் மண்டிக்கு வண்டி ஏறும். மழையிலோ பூச்சியிலோ காய் குறையும் என்று தெரிந்தால் முதல் நாள் மதியத்துக்குள் போன் வரும், அதற்குள் நீங்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளலாம். ஒருவர் கழனி கைவிட்டால் பக்கத்துக் கழனிக்காரர் ஈடு கட்டுவார். அதற்காகவே நாலைந்து பேராகச் சேர்ந்து வருவோம். மருந்து அடித்தால் காத்திருப்பு நாள் முடியாமல் பறிக்க மாட்டோம், தேதியைக் கூடையிலேயே எழுதித் தருவோம். கூடையின் மேலே நல்ல காயும் அடியில் சொத்தையும் வைக்கிற பழக்கம் இந்த ஏற்பாட்டில் கிடையாது.

இது உலகத்தில் யாரும் செய்யாததல்ல. ஜப்பானில் 1970-களிலேயே ‘தெய்க்கெய்’ என்ற பெயரில் நகரத்துக் குடும்பங்களும் விவசாயிகளும் அளவையும் விலையையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் பெர்க்லியில் 1971-இல் ஆலிஸ் வாட்டர்ஸ் தொடங்கிய ‘ஷே பனீஸ்’ உணவகம் பாப் கன்னார்டு என்ற விவசாயியோடு பல வருஷம் நேரடியாக வரவு செலவு வைத்துக்கொண்டது. காய் அடுப்பங்கரைக்கு வரும், அடுப்பங்கரைக் கழிவு உரமாகப் பண்ணைக்குத் திரும்பும். அது பணக்காரர்களின் ஓட்டல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் வேளாண் திணைக்களத்தின் ஆதரவில் பெண்கள் நடத்துகிற ‘அம்மாச்சி’ உணவகத்தைப் பாருங்கள். தோசை, வடை, கூழ் என்று நம் பண்டங்கள்தான், குறைந்த விலைதான். எளிய உணவகத்தை உழவுத் துறையோடு சேர்த்து நடத்த அங்கே முடிந்திருக்கிறது.

நம்மூரிலேயே பள்ளிக்கூடங்களில் காலை உணவு சமைக்கிற மகளிர் குழு அக்காமார் இருக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் காய்கறிச் சாம்பாரோடுதான் பிள்ளைகளுக்கு உப்புமாவும் கிச்சடியும். எத்தனை பிள்ளைகள், எந்தக் கிழமை என்ன சமையல் எல்லாம் முன்கூட்டியே தெரியும். அளவு சின்னதுதான். ஆனால் பழகிப் பார்க்கச் சின்ன அளவே நல்லது. ஊர்ப் பிள்ளை சாப்பிடுகிற காய் என்று தெரிந்தால் மருந்துக் கையும் தானாக நிதானப்படும்.

ஆகவே கேட்கிறேன். ஆனி பிறப்பதற்கு முன் ஒரு நாள், கூட்டம் இல்லாத ஒரு மதியம், அமாவாசையும் முகூர்த்தமும் இல்லாத நாளாகப் பார்த்துத் திருப்பாச்சூருக்கு வாருங்கள். முதலாளி வரும்போது மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போன வருஷப் புரட்டாசியில் எந்தக் காய் எத்தனை கிலோ வாங்கினீர்கள் என்ற பழைய சிட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். நாங்கள் யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நிலம் என்று எழுதி வைத்திருப்போம். முதல் வருஷத்துக்கு மூன்றே மூன்று பயிர் போதும்: கத்தரி, வெண்டை, கீரை. உங்கள் தேவையில் கால் பங்கை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள், முக்கால் பங்கை வழக்கமான வியாபாரியிடமே வாங்குங்கள். அவரைப் பகைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. தை மாதம் மறுபடி உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம். உங்களுக்கு நஷ்டம் என்று சிட்டை சொன்னால் கை குலுக்கிப் பிரிந்துவிடலாம், வருத்தமில்லை. லாபம் என்றால் அடுத்த ஆனிக்கு அரைப் பங்கு கேட்பேன்.

வரும்போது சாப்பிடாமல் வாருங்கள். சமையல் எங்கள் வீட்டுப் பெண்கள் செய்வார்கள். மாஸ்டர்கள் குறை சொல்லலாம், சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
திருப்பாச்சூர் சுற்றுவட்டாரக் காய்கறி விவசாயிகள் சார்பில்,
உங்களில் ஒருவன்